ஊரெல்லை தாண்டும் காப்பு

கடக், கடக்.
நேற்றிரவு மூன்றாம் முறை.
பல்லி என்றாள் கஜலட்சுமி.
பல்லியாயிருந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்த்திருப்பேன்.
ஒன்பது வயதான வன்தட்டு அது;
மூன்று டெராபைட்டையும் வாயில் வைத்துக்கொண்டு
பல்லைக் கடிக்கிறது.

மண்டித் தெரு தாண்டி, இம்தியாஸ் கடை.
மின்விசிறிக்கே வேர்க்கிற வேலூர்ச் சித்திரை.
"சத்தமே போடாத புது ரகம் இருக்காமே?"
"இருக்கு சார். சாவும்போதும் சத்தம் போடாது.
இது முனகி முனகித்தான் போவும்,
நீங்க ஓடியாற டைம் குடுக்கும்."

பெட்டியின் மேல் நான்கு என்று அச்சு.
செருகினால் மூன்று புள்ளி ஆறு.
மீதி எங்கே என்றேன்.
கம்பெனிக்கு ஆயிரம்னா ஆயிரம்,
கம்ப்யூட்டருக்கு ஆயிரத்து இருபத்து நாலு என்றான்.
வியாபாரி மரக்கால் வேறு, வீட்டு மரக்கால் வேறு.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதுகிறவனுக்கு
இது புரியாதா?

நாலில் இரண்டு வாங்கப் பணம் இல்லை.
நாலில் ஒன்று வாங்க மனம் இல்லை.
ஒன்றே ஒன்று என்றால் அது காப்பு இல்லை,
இடம் மாறிய பயம்.
கடைசியில் இம்தியாஸ்தான் சொன்னான்:
"ரெண்டுல ரெண்டு எடுங்க. மீதியக் கழிங்க."

கழித்தோம்.
முதலில் சினிமாக்கள், நானூற்றுச் சொச்சம்.
பாதிப் படம் இடைவேளைக்கு மேல் திறக்கவேயில்லை,
ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் நான் வாதாடினேன்.
பிறகு ஒரே பிறந்தநாள், பதினான்கு பிரதிகள்.
பதினான்கிலும் கேக் வெட்டுமுன் மின்வெட்டு.
பிறகு மச்சினன் கல்யாணம்,
நாலரை மணி நேரத்தில் மூன்று மணி நேரம் பந்தி.
"சாப்பிடறவங்கள எதுக்குப் புடிச்சாங்க?" என்றவள்
ஏழாவது இலையில் யாரையோ கண்டு
மௌசிலிருந்து என் கையை எடுத்துவிட்டாள்.
யாரென்று நான் கேட்கவில்லை.

இரவு ஒன்றரைக்கு அகப்பட்டது
"ஆதாரம்_3" என்ற கோப்பு.
தெருக்குழாய்ச் சண்டை, பதினெட்டு நிமிஷம்.
மேகநாதன் வீட்டார் மீது போலீசில் கொடுக்க எடுத்தது.
கொடுக்கவில்லை.
இன்று அவர்கள் வீட்டுச் சாவி எங்கள் ஆணியில் தொங்குகிறது.
அழி என்றாள். அழிக்கப் போனேன்.
"இரு, இரு. பின்னாடி போ."

பதினோராவது நிமிஷம்.
குடங்கள், வசவு, சிதறுகிற தண்ணீர்.
படத்தின் ஓரத்தில் எங்கள் இடுப்பளவு நிலவரசி.
மூன்றரை வயதுவரை வாயே திறக்காமல்
பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம்
எங்களை நடக்க வைத்தவள்.
மேகநாதன் மனைவியை அண்ணாந்து பார்த்து,
தெளிவாக,
"போ."

எப்போது பேசத் தொடங்கினாள் என்று
யார் கேட்டாலும் நாங்கள் ஆளுக்கொரு மாதம் சொல்வோம்.
சண்டையில் யாருக்கும் கேட்கவில்லை.
இப்போது புனேயில்
நாளெல்லாம் போனில் பேசுவதுதான் அவள் வேலை.

இரண்டு தட்டும் நிரம்பின.
ஒன்று இங்கே. இன்னொன்று?
பீரோவில் என்றேன்.
விருதம்பட்டில் இருந்துகொண்டு
பீரோவை நம்பச் சொல்கிறேனா என்றாள்.
தண்ணியில்லாத ஆறு என்று ஊரே கேலி பேசிய பாலாறு
ஒரு கார்த்திகையில் எங்கள் கட்டில் கால்வரை வந்து
எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனது.

மயானக் கொள்ளைக்குக் காப்புக் கட்டினால்
ஊரெல்லை தாண்டக்கூடாது.
இந்தக் காப்பு
எல்லை தாண்டினால்தான் காப்பு.

ஆகவே போளூர் பஸ்.
துண்டில் சுற்றி, டிபன் பையில்,
கஜலட்சுமியின் மடியில்.
அவள் தங்கை பவுனு, சீட்டுப் புத்தகங்களை நகர்த்தி
பீரோவில் இடம் செய்தாள்.
"வெக்கிறதுக்கு முன்ன ஓடுதான்னு பாத்துடுங்க மாமா."
நியாயம். எடுத்துப் பார்க்காத காப்பு
வெறும் நம்பிக்கை.

அவள் மகன் லேப்டாப்பில் செருகினேன்.
பட்டியலில் முதலில் நின்றது "ஆதாரம்_3."
போளூர் வீடு முழுக்க
விருதம்பட்டு வசவு நிரம்பியது.
பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அய்யய்யோ, யாருக்கா அந்தப் பொம்பள,
இன்னா வாய்!"

கஜலட்சுமி
டிபன் பையின் ஜிப்பை
மெதுவாக இழுத்து மூடினாள்.
"நான்தான்டி."